ஏட்டுச் சுவடியும் மின்னேடும்

நூலை ஆக்குவதினும் நூலைக் காப்பது அரிய செயல் என்பதைத் தமிழர் தம் பட்டறிவால் உணர்ந்தவர்கள். பனையோலைச் சுவடியின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. ஈரமும் பூச்சியும் செல்லும் அதனை அரித்துவிடும். அதற்கு முன்னரே மற்றோர் ஏட்டில் படியெடுத்து வைப்பார் இருந்தால் நூல் பிழைக்கும், இல்லையேல் மறையும். அவ்வாறு மறைந்தவை எத்தனையோ! எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பெருமக்களின் உழைப்பினாலேயே சங்க நூல்களும் காப்பியங்களும் இன்று நம் கைக்கு எட்டியுள்ளன.

ஆனால், ஏடு கிடைத்த அளவிலேயே அப்பெரியோர்களின் இடர் தீர்ந்துவிடவில்லை. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவாக நிற்கும். கண்முன் ஏடு இருந்தும், அதனுள் இருப்பது இன்ன சொல் என்று துணிதற்குப் பல பிரதிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்ததன் பின்னே இத்தகைய உழைப்பு நின்றது. நூல் இருத்தல் வேறு, நூலைப் படிக்க இயலுதல் வேறு என்னும் உண்மையை இவ்வரலாறு நமக்கு அறிவுறுத்துகின்றது.

அவ்வுண்மை நம் காலத்தில் மீண்டும் ஒருமுறை நம் வாயிலில் வந்து நிற்கின்றது. எம் சங்கத்தின் அலமாரியில் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆண்டு விழா மலர்கள் உள்ளன. தாள் பழுப்பேறியிருப்பினும் அவற்றை இன்றும் எடுத்துப் படிக்கலாம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த மலர் ஒன்றுக்கோ அச்சுப் படி ஒன்றும் எஞ்சவில்லை. அதன் கணிப்பொறிக் கோப்பு அடங்கிய குறுந்தட்டு மட்டும் கிடைத்தது. திறந்து பார்த்தோம். கோப்பு சிதையவில்லை, ஓர் எழுத்தேனும் அழியவில்லை. எனினும் திரையில் தோன்றியவை தமிழெழுத்துகள் அல்ல. பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே. அறுபதாண்டுத் தாள் பேசுகின்றது. கால் நூற்றாண்டுக் கோப்பு ஊமையாகிவிட்டது!

இது ஏன் நேர்ந்தது? மின்னூல் படிக்கும் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். எழுத்து, கட்டு, பூட்டு என மூன்று படிகளாக அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

எழுத்து

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று முன்கூட்டியே ஓர் உடன்பாடு இருந்தாலன்றி ஒரு பொறியில் எழுதியதை மற்றொரு பொறி படிக்க இயலாது. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் முறை இவ்வுடன்பாடுகளுள் புகழ்பெற்றது. அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்துக்கு அவை போதுமானவை.

1971 ஜூலை 4 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியில் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைச் சாசனத்தைத் தட்டச்சிட்டு உள்ளிட்டார். அதுவே குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம். மின்னூலின் பிறப்பு என்றும் அதனைக் கூறுவர். அத்திட்டத்தார் அணிநலன் எதுவுமற்ற வெறும் எழுத்து வடிவையே தம் நூல்களுக்குத் தேர்ந்துகொண்டனர். அழகில்லை என்று அந்நாளில் குறை கூறியவர்கள் உண்டு. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அத்தகைய கோப்பு ஏறக்குறைய எந்தக் கருவியிலும் திறக்கின்றது. எளிமை நெடுவாழ்வு தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தமிழுக்கு அந்த 128 இடங்களுள் ஓரிடமும் இல்லை. ஆகவே எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் உரோமன் எழுத்துக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழெழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். குறிப்பிட்ட எழுத்துரு கணிப்பொறியில் உள்ளவரை எல்லாம் தமிழாகத் தோன்றும். எழுத்துரு நீங்கியதும் தமிழும் நீங்கும். எம் மலருக்கு நேர்ந்தது இதுவே.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் பல நாடுகளில் இருந்துகொண்டு முயன்றனர். இணையவழிக் கலந்தாய்வின் பயனாக டிஸ்கி என்னும் குறியீட்டு முறை உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே டாப், டாம் என்னும் முறைகள் வந்தன. உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் யூனிகோடு 1991-லேயே வெளிவந்து, அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அதில் உயிர், மெய், உயிர்க்குறிகள் ஆகியவற்றுக்கே இடம் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. 247 எழுத்துக்கும் இடம் வேண்டும் என்று வாதிட்டோர் டேஸ் 16 என்னும் மாற்று முறையை முன்வைத்தனர். 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடைத் தரமாகவும், டேஸ் 16-ஐ மாற்று முறையாகவும் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் இன்று யூனிகோடே வென்று நிற்கின்றது.

கட்டு

எழுத்து அமைந்தால் மட்டும் நூல் ஆகிவிடாது. இயல், தலைப்பு, படம், பொருளடக்கம் ஆகியவற்றை முறைப்படுத்திக் கட்ட வேண்டும். ஓலைகளைத் துளையிட்டுக் கயிறு கோத்துச் சட்டம் வைத்துக் கட்டியது போன்றதே இது. இக்கட்டு முறையையே கோப்பு வடிவம் என்கிறோம்.

கட்டுகளுள் இரு வகை உண்டு. அச்சுப் பக்கத்தை உள்ளவாறே படம் பிடித்தாற்போல் நிறுத்துவது ஒருவகை. 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட பி.டி.எப். அவ்வகையைச் சார்ந்தது. அது எங்குத் திறப்பினும் ஒரே தோற்றம் தரும். ஆனால் பெரிய தாளுக்கென அமைந்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் கண்டால் எழுத்துகள் எறும்பு ஊர்வன போல் தோன்றும். கலத்துக்கேற்ப நீர் வடிவு கொள்வதுபோல், திரைக்கேற்ப வரிகள் மடங்கி ஓடுவது மற்றொரு வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கும். கண் மங்கிய முதியோருக்கு இது பெரும் பேறு. மின்னூல் கருவிக்கு உரியது இவ்விரண்டாம் வகையே.

1998-இல் அமெரிக்காவில் ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக் என்னும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் நூலை மற்றொன்று படிக்காது. இவ்விடரை உணர்ந்த பதிப்பாளரும் கருவியாளரும் கூடி 1999-இல் திறந்த மின்னூல் அமைப்பு என்னும் பொது இலக்கணத்தை வகுத்தனர். அவ்விலக்கணத்தில் ஒரு குறை இருந்தது. பதிப்பாளர் தம் நூலைக் கருவியாளரிடம் ஒப்படைக்கும் முறையை அது ஒழுங்குபடுத்தியது; வாசகர் கையில் வந்து சேரும் இறுதிக் கட்டை ஒழுங்குபடுத்தவில்லை. ஆகவே ஒரே மூலத்தைப் பெற்ற ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் உலையில் இட்டுத் தத்தம் அச்சில் வார்த்தனர். 2000-இல் மைக்ரோசாஃப்ட் ரீடர் லிட் வடிவத்தோடு வந்தது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிய மொபிபாக்கெட் நிறுவனம், பாம் என்னும் கைக்கருவியின் கோப்பு முறையைத் தழுவித் தன் மொபி வடிவத்தை ஆக்கியது. 2004-இல் சோனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே என்னும் கருவி, மின்மைத் திரை கொண்டு விற்பனைக்கு வந்த முதல் மின்னூல் கருவியாகும். அதற்கும் தனி வடிவம்.

தென்னாட்டிலிருந்து வடபுலம் வந்து குடியேறிய நம் முன்னோருக்கு இந்நிலை புதிதன்று. திருச்சியிலும் மதுரையிலும் மீட்டர் பாதை வண்டி ஏறி, எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைச் சுமந்து சென்ட்ரல் சென்று, அகலப் பாதை வண்டியில் இடம் தேடியவர்கள் அவர்கள். இரண்டும் தண்டவாளமே, இரண்டும் வண்டியே. இடைவெளி மட்டும் வேறு. அவ்வேறுபாட்டால் எத்தனை இறக்கம், எத்தனை ஏற்றம்! மின்னூல் வடிவங்களின் வேறுபாடும் அத்தகையதே. உள்ளிருக்கும் சொற்கள் ஒன்றே; பாதையின் அகலம்தான் வெவ்வேறு.

பொது வடிவமும் தனி வடிவமும்

2007-ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு செப்டம்பரில், அனைத்துலக மின்பதிப்பு மன்றம் பழைய இலக்கணத்தைத் திருத்தி ஈபப் என்னும் வடிவத்தைத் தரமாக அறிவித்தது. இது வாசகர் கைக்கு வரும் கட்டையும் வரையறுத்தது. அடுத்த நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனம் 2005-லேயே மொபிபாக்கெட்டை விலைக்கு வாங்கியிருந்தது. ஆகவே கிண்டில் ஈபப்பை ஏலாது, மொபியை ஒட்டிய தன் தனி வடிவத்தையே கொண்டது. இரண்டு திங்கள் இடைவெளியில் பிறந்த இவ்விரண்டும் மின்னூல் உலகை இரு கூறாகப் பிரித்தன.

ஈபப்பின் அமைப்பு மிக எளிது. அது சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதனைப் பிரித்தால், உள்ளே இயல்கள் இணையப் பக்கம் எழுதப்படும் மொழியிலேயே இருக்கும். தோற்றத்தைக் கூறும் கோப்பு ஒன்றும், நூற்பெயர், ஆசிரியர், இயல்வரிசை ஆகியவற்றைக் கூறும் கோப்பு ஒன்றும், படங்களும் இருக்கும். மறைபொருள் ஏதுமில்லை. பிற்காலத்தில் ஈபப் படிக்கும் கருவி ஒன்றேனும் இல்லாது போயினும், பொதியைப் பிரித்து நூலை எடுத்துவிடலாம். தனி வடிவங்களுக்கு இவ்வுறுதி இல்லை.

நாளடைவில் ஈபப்பின் பக்கம் பலர் சேர்ந்தனர். சோனி நிறுவனம் 2009-இல் தன் தனி வடிவைக் கைவிட்டு ஈபப்புக்கு மாறியது. அவ்வாண்டில் வந்த நூக், 2010-இல் வந்த கோபோ, ஐபேட் ஆகியனவும் ஈபப்பையே ஏற்றன. 2011-இல் ஈபப் 3 வெளிவந்தது. 2017-இல் மின்பதிப்பு மன்றம் உலகளாவிய வலைக் கூட்டமைப்போடு இணைந்தது. 2023-இல் ஈபப் 3.3 அக்கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. கிண்டிலோ மொபியிலிருந்து 2011-இல் கே.எப். 8, 2015-இல் கே.எப்.எக்ஸ் எனத் தன் வழியே வளர்ந்து சென்றது.

பிரிந்த இரு பாதைகளுக்கும் இடையே பாலம் இட்ட பெருமை இந்தியர் ஒருவரைச் சாரும். 2006-இல் அமெரிக்காவில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்த கோவித் கோயல், சோனியின் கருவி தாம் கையாண்ட லினக்ஸ் கணிப்பொறியோடு இயங்காமை கண்டு, அதனை இயக்க ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 2008-இல் காலிபர் என்னும் பெயர் பெற்றது. ஒரு வடிவத்திலுள்ள நூலை மற்றொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் இம்மென்பொருளை இன்று உலகெங்கும் வாசகர்கள் விலையின்றிப் பயன்படுத்துகின்றனர். நிறுவனங்கள் செய்யாது விட்டதை ஒரு மாணவரின் தேவை செய்து முடித்தது.

பூட்டு

வடிவம் ஒத்திருந்தும் நூல் திறவாமைக்கு மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அது பூட்டு. திருட்டுப் படிகளைத் தடுக்கும் நோக்கத்தோடு விற்பனையாளர்கள் நூலைப் பூட்டித் தருகின்றனர். அதனைத் திறக்கும் சாவி அவர்தம் கருவியிலும் கணக்கிலும் மட்டுமே இருக்கும். ஆகவே நூக்கில் வாங்கிய ஈபப் கோபோவில் திறவாது. இரண்டும் ஈபப்பே ஆயினும்! எழுதுவோரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் சாவியை வைத்திருப்பவர் கடையை மூடிச் சென்றால் வாசகர் நிலை என்னாகும் என்பதே வினா.

இவ்வினாவுக்கு வரலாறு பலமுறை விடை கூறியுள்ளது. 2004-இன் லிப்ரியேயில் பெற்ற நூல்கள் 60 நாளில் காலாவதியாயின. 2009 ஜூலையில், உரிமையற்ற ஒருவர் வெளியிட்டார் என்னும் காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பின்னர் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் ரீடர் 2012-இல் முடிவுற்றது. அதே நிறுவனம் பின்னாளில் நடத்திய மின்னூல் கடை 2019-இல் மூடப்பட்டபோது, வாங்கிய நூல்கள் யாவும் வாசகர்களைவிட்டு நீங்கின. பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பிவழிக் கருவிக்கு மாற்றும் வசதியும் நீக்கப்பட்டது. வாங்கியது நூலா, நூலைப் படிக்கும் இசைவா என்பதை வாங்குமுன் அறிந்துகொள்ளுதல் நன்று.

தமிழ் நூல்களின் நிலை

இம்மூன்று இடர்களையும் ஒருசேரச் சுமந்தது தமிழ். தொடக்க காலக் கிண்டில்களில் தமிழ் எழுத்துருவே இல்லை. வெற்றுக் கட்டங்களே தோன்றின. வேறு சில கருவிகளில் எழுத்துரு இருந்தும் கோக்கும் திறன் இல்லை. ‘கொடி’ என்னும் சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்க வேண்டும். யூனிகோடிலோ ககரம் முதலிலும் ஒகரக்குறி அடுத்தும் சேமிக்கப்படும். அவற்றை உரிய இடத்தில் பிரித்து நிறுத்துவது கருவியின் கடமை. அக்கடமையை அறியாத கருவியில் கொம்பு இடம் மாறி, சொல் உருக்குலைந்து போகும்.

இந்நிலையிலும் தொண்டுள்ளம் கொண்டோர் சோர்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்கினர். டிஸ்கி முறையில் அமைந்த அந்நூல்கள் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. ஓலை நைந்தபோது புதிய ஓலையில் படியெடுத்த பழம்பணியே இது. ஓலைக்குப் பதில் குறியீடு, அவ்வளவே. 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தார், தம் நூல்களை ஈபப், மொபி வடிவங்களில் தந்ததோடு, ஆறு அங்குலத் திரைக்கெனவே அளந்து அமைத்த பி.டி.எப். வடிவிலும் தந்தனர். தமிழைக் கோக்கத் தெரியாத கருவியிலும் இவ்வழியே தமிழ் பிழையின்றித் தோன்றியது. 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்கு இடமளித்தது. அதன்பின் தமிழ் மின்னூல் எழுதுவோரும் படிப்போரும் பெருகினர்.

பார்வையற்றோரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். அவர்களுக்கு நூலை அணுகத்தக்க வடிவில் ஆக்கித் தர வழிவகுக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. ஆயினும், தாளைப் படம் பிடித்து வைத்த கோப்பைக் கணிப்பொறி வாய்விட்டுப் படிக்காது. எழுத்தாக உள்ளிட்ட யூனிகோடு நூலையே படிக்கும். ஆகவே வடிவத்தைத் தேர்வது, யாரைப் படிக்க அழைக்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதையும் தீர்மானிக்கின்றது.

நம் கடன்

இன்று நிலைமை பெரிதும் சீர்ப்பட்டுள்ளது. கிண்டிலுக்கு அனுப்பும் சேவை 2022 முதல் ஈபப்பை ஏற்று, தன் வடிவுக்கு மாற்றிக்கொள்கின்றது. மொபியை இனி ஏலாது என்று அவ்வாண்டே அறிவித்து, பின்னர் அவ்வாறே நிறுத்தியும் விட்டது. ஒரு காலத்தில் அரசோச்சிய வடிவம், தன்னை வாங்கிய இல்லத்திலேயே வழக்கொழிந்தது. இன்று கோலோச்சும் வடிவங்களுக்கும் இந்நிலை வாராது என்று யார் சொல்லவல்லார்?

ஆகவே பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்குச் சில கடமைகள் உண்டு. தமிழ்ப் புத்தகக் கடை இல்லாத ஊர்களில் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்கள் கையில் தமிழ் சென்று சேர மின்னூலினும் விரைந்த வழி இல்லை. அம்மின்னூல் அவர்தம் பிள்ளைகள் கைக்கும் சேர வேண்டுமானால், சங்கத்தின் மலர்களையும் நிகழ்ச்சிக் குறிப்புகளையும் யூனிகோடிலேயே எழுதுதல் வேண்டும். பூட்டற்ற ஈபப்பாகவும் பி.டி.எப். ஆகவும் சேமித்தல் வேண்டும். மூன்று வெவ்வேறு இடங்களில் படி வைத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். ஒரு படியைத் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைப்பதையும் மறத்தல் ஆகாது.

முன்னர்க் கூறிய குறுந்தட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். அக்கோப்பின் எழுத்துரு இன்னதென்று கண்டறிய எம் இளைஞர் சிலருக்குப் பல மாலைகள் ஆயின. கண்டறிந்தபின், மாற்றித் தரும் நிரல் வழியே அது யூனிகோடாயிற்று. சில கொம்புகள் இடம் மாறியிருந்தன; சில புள்ளிகள் மறைந்திருந்தன. வரிவரியாகப் படித்துத் திருத்தினோம். இன்று நம்மிடையே இல்லாத மூத்த உறுப்பினர் பலரின் கட்டுரைகள் அதனுள் இருந்தன. சங்கம் வாடகை அறையில் கூடிய நாள்களைப் பற்றியும், ஊரிலிருந்து அஞ்சலில் வரும் தமிழ் ஏடுகளுக்காகக் காத்திருந்ததைப் பற்றியும் அவர்கள் எழுதியிருந்தனர். வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அவை. இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருப்பின், அவ்வெழுத்துருவை அறிந்தவரும் இல்லாது போயிருப்பர்.

அம்மலர் இப்போது ஈபப்பாக எம் நூலகக் கணிப்பொறியில் உள்ளது. விரும்பும் உறுப்பினர் எவரும் தம் கருவியில் பெற்றுச் செல்லலாம். அச்சிட்ட படி ஒன்றும், பழைய மலர்களின் வரிசையில், விடுபட்டிருந்த தன் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது.